குளக்கரையில் கற்று, கடலில் பிழைக்க

உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி திருவனந்தபுரம் மீனவர்களைப் பாருக்கு இட்டுச் செல்கிறது, கரையும் சேர்க்கிறது. ஆனால் அதற்குத் தெரியாதவையும் உண்டு.

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். லட்சுமி வராகர் கோயில். அதையொட்டி, நகரத்துக்குள் இவ்வளவு தண்ணீரா என்று வியக்க வைக்கும் குளம். சுற்றிலும் ஓட்டு வீடுகள், புது மாடி வீடுகள், தென்னைகள், சந்துகள். கடலில் மூழ்கிய பூமியைத் தேடி எடுத்து வந்த அவதாரத்தின் கோயில் இது. இங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் மேற்கே அரபிக் கடல். அங்கே வலியதுறை, பீமாபள்ளி, பூந்துறை கரைகளில், கடலுக்கு அடியில் கிடப்பதைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது 'பார்' என்ற கடலடிப் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம் அது. தேட உதவுவது செல்போனைவிடச் சற்றே தடித்த ஒரு கருவி.

அந்தக் கருவியை முதன்முதலில் இயக்கிப் பழக, ஸ்ரீவராகம் குளக்கரை தோதான இடம். காரணம், தலைக்கு மேலே திறந்து கிடக்கும் வானம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞை மிக மெலிந்தது. சந்துக்குள் நின்றால் சுவர்களும் தென்னை மட்டைகளும் அதை மறைத்துவிடும். இடத்தைச் சரியாகச் சொல்லக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். மூன்று இடத்தைக் கணிக்க. நான்காவது, கருவியின் மலிவான கடிகாரம் செய்யும் பிழையைத் திருத்த.

புதிய கருவிக்கு, அல்லது பல மாதம் அணைந்து கிடந்த கருவிக்கு, முதலில் தேவை பொறுமை. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையையும் வானிலிருந்து பெற 12.5 நிமிடம் ஆகும். இன்றைய கருவிகள் ஓரிரு நிமிடத்தில் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. பழையவற்றைக் குளப்படியில் வைத்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். திரையில் எண்கள் நிலைத்ததும் தெரிவது இது: வடக்கு 8 டிகிரி 28 நிமிடம் சொச்சம், கிழக்கு 76 டிகிரி 56 நிமிடம் சொச்சம். கருவியைப் பொறுத்தவரை ஸ்ரீவராகம் என்பது அவ்வளவுதான்.

அந்தச் 'சொச்சத்தில்'தான் வம்பு இருக்கிறது. 28.50 நிமிடம் என்று காட்டுவதை 28 நிமிடம் 50 விநாடி என்று எழுதிக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அது 28 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் 20 விநாடி. தரையில் அது சுமார் 600 மீட்டர். குளக்கரையில் இந்தப் பிழை சிரிப்புக்கு இடம். கடலில் ஒரு நாள் டீசலும் உழைப்பும் வீண். எனவே எண் எந்த வடிவில் காட்டப்படுகிறது என்பதைத்தான் முதலில் அமைக்க வேண்டும். அடுத்தது வரைபட அளவுமுறை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. இந்திய சர்வே துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் அளவுமுறையில் வரையப்பட்டவை. ஒன்றின் எண்ணை மற்றொன்றில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மூன்றாவது, தேதி. 1,024 வாரத்துக்கு ஒரு முறை ஜி.பி.எஸ்.ஸின் வார எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. அதன்பின் சில பழைய கருவிகள் ஏறத்தாழ இருபது வருடம் பின்னோக்கிய தேதியைக் காட்டுகின்றன. இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சூரிய அஸ்தமன நேரத்தைத்தான் நம்ப முடியாது.

இனி, பொத்தானை அழுத்திக் குளக்கரையை ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு, கிழக்குக் கோட்டை வரை நடந்துவிட்டு, 'குளத்துக்குப் போ' என்று கேட்டால், ஓர் அம்புக்குறியும் தூரமும் வரும். பல கருவிகளில் நடந்தால்தான் அம்பு சரியாகத் திரும்பும்; நின்றால் குழம்பும். இன்னொன்று: அது காட்டுவது நேர்கோடு. நடுவே யார் வீடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதே பாடம்தான் கடலிலும். ஆனால் அங்கே இதைவிடப் பழைய பாடம் ஒன்று இருந்தது. இந்தக் கரையின் மீனவர்கள் அதைக் 'கணிச்சம்' என்கிறார்கள். கரையிலுள்ள ஓர் உயரமான அடையாளமும் அதற்குப் பின்னே தெரியும் மலைமுகடும் ஒரே கோட்டில் வரும்படி படகை நிறுத்துவது. வேறு திசையில் இன்னொரு ஜோடியையும் அதேபோல் சேர்ப்பது. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், படகுக்கு நேர் கீழே, பார். அப்பன் மகனுக்குக் காட்டி, மகன் மனதில் பதித்துக்கொண்ட கணக்கு. இதற்குக் கரை தெரிய வேண்டும். மழை மறைத்தால் கணக்கும் மறைந்துவிடும். அடையாளங்களும் நிலையானவை அல்ல. 1956ல் திறக்கப்பட்ட வலியதுறை கடல்பாலமே 2024 மார்ச்சில் உடைந்து இரண்டாகிவிட்டது.

ஜி.பி.எஸ். இந்த இடத்தில்தான் புகுந்தது. 2000 மே 2 வரை சாதாரண மக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. பிழை நூறு மீட்டர் வரை போகும். வீடு அளவேயான பாரை அதை வைத்துப் பிடிக்க முடியாது. அந்த மங்கல் விலகியதும் துல்லியம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. இருட்டோ மழையோ, குறித்த பாருக்கு மேலேயே போய் நிற்கலாம்.

லாபத்தோடு நஷ்டமும் வந்தது. கணிச்சம் ஒருவரின் மனதுக்குள் இருந்தது. அதைத் திருட அவரோடு பல வருடம் கடலுக்குப் போக வேண்டும். எண்ணோ ஒரு துண்டுச் சீட்டில் அடங்கிவிடும். சீட்டு கைமாறினால், அந்தப் பாரை ஒரு நாளும் தேடி அலையாதவரும் அங்கே வலை விரிக்கலாம்.

கருவியை நம்பித் திரும்புவதிலும் எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரில் பணி தொடங்கி, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்பு குறித்த புள்ளிக்கு இன்று கருவி காட்டும் நேர்கோடு, பாறைக் குவியல் மேலேயே போகலாம்.

கருவியின் பெரிய குறை 2017 நவம்பர் இறுதியில் தெரிந்தது. கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி வேகமாகப் புயலாக வலுத்தபோது, பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் குமரி மாவட்டக் கரைகளிலிருந்தும் போன படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. பலரிடம் ஜி.பி.எஸ். இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கரைக்குச் சொல்லத்தான் வழியில்லை. ஜி.பி.எஸ். கருவி கேட்கும், பேசாது. செல்போன் சமிக்ஞையோ கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. கரையிலிருந்த மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடக் கிளம்பினார்கள். திரும்பாதவர்கள் ஏராளம்.

அதன்பின் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு பெட்டி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள்கள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் வாங்கி, மீனவரின் செல்போனில் காட்டும். ககன், விமானங்களுக்காக ஜி.பி.எஸ். பிழையைத் திருத்த இந்தியா அமைத்த ஏற்பாடு. அதன் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருக்கிறது. பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போக வருடத்தில் இரு முறை ஓடுபாதையைக் கடக்கும் அதே விமான நிலையம். ஆனால் ஜெமினியும் கேட்கும் பெட்டிதான். கரையின் எச்சரிக்கை படகுக்குப் போகும்; படகின் கூக்குரல் அதன் வழியே கரைக்கு வராது.

எனவே கையடக்கக் கருவியோடு கடலுக்குப் போகிறவருக்குச் சில ஒழுங்குகள் அவசியம். பிளாஸ்டிக் உறையில் மாற்று பேட்டரி. ஆள் கடலில் விழுந்தால் அந்த நொடியே இடத்தைக் குறிக்கும் பொத்தானை இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கும் பழக்கம். முக்கிய எண்களைக் காகிதத்திலும் எழுதி வைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரைக் குறிக்கும் அவசரத்தில் பலரும் மறப்பது: படகைத் தள்ளுவதற்கு முன் கரையைக் குறித்துக்கொள்வது. ஸ்ரீவராகம் குளக்கரையில் அதை மறந்தால் வழி கேட்க ஆள் இருக்கிறது.