துலாவின் மறுமுனை

வெறும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்குவதற்குப் பாடுபட்டு, நீர் நிறைந்த வாளியை எளிதாக மேலேற்றும் ஒருவரை முதன்முறை பார்ப்பவர், அவர் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார் என்றே எண்ணுவார். கைத்துலாவில் நீர் இறைப்பவர் செய்வது அதுதான். நட்ட கவைமரத்தின் மேல் நீண்ட மரமொன்று குறுக்கே ஆடும். அதன் ஒரு முனையில் கழியும் வாளியும் தொங்கும்; மறுமுனையில் கல் கட்டப்பட்டிருக்கும். வாளி இறங்கும்போது கல் மேலெழும். வாளி ஏறும்போது கல் தாழ்ந்து, சுமையில் பெரும்பங்கைத் தானே தூக்கிவிடும். அந்தக் கல்தான் எதிர் எடை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கல்லறை ஓவியங்களிலும் இதே அமைப்பைக் காணலாம்.

கல் இலவசமாக எதையும் தருவதில்லை. வாளியை இறக்கும்போது மனிதர் செலுத்திய உழைப்பையே அது வாங்கி வைத்திருந்து, ஏறும்போது திருப்பித் தருகிறது. ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. சுமையை மேல்நோக்கித் தூக்கினால் முதுகு நோகும்; கீழ்நோக்கி இழுப்பதற்கோ உடலின் எடையே துணைநிற்கும்.

தமிழகத்து ஏற்றத்தில் கல்லின் இடத்துக்கு மனிதரே வந்துவிட்டார். துலாமரத்தின் மேல் ஒருவரோ இருவரோ, பக்கத்தில் நட்ட மூங்கிலைப் பற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் நடப்பர். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும். பின்பக்கம் நடந்தால் நீரோடு ஏறும். நடப்பவரின் எடை மாறுவதில்லை; அச்சிலிருந்து அதன் தொலைவே மாறுகிறது. 50 கிலோ எடையுள்ளவர் 1 மீட்டர் தொலைவிலிருந்து 2 மீட்டருக்குச் சென்றால், அவர் எடையின் திருப்புத்திறன் இருமடங்காகிவிடும்.

ஆனால் அவர் எந்த முனையில் நிற்கிறாரோ அந்த முனை தாழ்ந்திருக்கும். செல்லவேண்டிய முனை உயர்ந்திருக்கும். போனாலும் வந்தாலும் அவருக்கு ஏறுமுகமே. வயலுக்குப் பாய்ந்த நீரின் ஆற்றல் முழுவதும் அந்தக் கால்களிலிருந்து வந்தது. நனைந்த மரத்தில் கால் வழுக்கினால் கீழே கிணறு. கீழே நின்று சாலைப் பிடித்துக் கவிழ்ப்பவர் பாடும் பாட்டு, இறைத்த சால்களை எண்ணவும் இருவர் இயக்கத்தையும் இசைவிக்கவும் உதவியது. ஏற்றப்பாட்டின் இனிமையைப் பேசுவோர் அந்தக் கால்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

இன்று கிணறுகளில் மின்விசைக் குழாய்கள் வந்துவிட்டன. துலாவின் கல்லோ வேறு வடிவங்களில் நம்மைச் சுற்றி இருக்கிறது. இருப்புப்பாதைக் கடவில் மேலெழும் நீண்ட கதவின் குட்டையான முனையிலும், அடுக்குமாடி கட்டும் கோபுரப் பாரந்தூக்கியின் பின்கையிலும் அதைக் காணலாம். மின்தூக்கியில் அது கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் ஏறி இறங்குகிறது.

1000 கிலோ எடையுள்ள மின்தூக்கிப் பெட்டி 600 கிலோ ஏற்றக்கூடியது என்று கொள்வோம். எதிர் எடை இல்லையென்றால், பெட்டி நிறைந்தபோது மின்னோடி 1600 கிலோவையும் தூக்கவேண்டும். பெட்டியின் எடையோடு ஏறக்கூடிய சுமையில் ஏறத்தாழப் பாதியைச் சேர்த்து எதிர் எடையை அமைப்பது வழக்கம். இங்கே 1300 கிலோ. நிறைந்த பெட்டிக்கும் எதிர் எடைக்கும் வேறுபாடு 300 கிலோ மட்டுமே. பெட்டி காலியாக இருந்தாலும் அதே 300 கிலோதான், ஆனால் எதிர்ப்பக்கம்.

இதனால் ஒரு வியப்பு நேர்கிறது. காலியான மின்தூக்கியின் தடை செயலிழந்தால் பெட்டி கீழே விழாது, மேல்நோக்கி விரையும். அதனால் மேலேறும் வேகம் மீறாமல் காக்கும் அமைப்புகளும் இக்கால மின்தூக்கிகளில் வைக்கப்படுகின்றன. பெட்டியின் கூரைமேல் நின்று பழுதுபார்க்கும் தொழிலாளர், பெட்டி நகரும்போது கையையோ தலையையோ விளிம்புக்கு வெளியே நீட்டுவதில்லை. பாதி வழியில், அவருக்கு மிக அருகே, அந்த இரும்புச் சுமை எதிர்த்திசையில் கடந்துசெல்லும்.