நெஞ்சுப்பட்டி சொல்லாதது

விடிய ஐந்தே முக்காலுக்கு இரணைமடுச் சந்தியில் நிப்பம். நாங்கள் ஐந்து பேர். ஏ9 வீதியில் முறிகண்டிப் பக்கமாக ஐந்து கிலோமீற்றர் போய், திரும்பி வரவேணும். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக வெளிக்கிடுவம். முன்னால் போறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிஞ்சு காற்றுக்குத் தப்பக்கூடாது. இதுதான் ரைம் ட்ரயல். நீங்களும் மணிக்கூடும் மட்டும்.

இந்தப் போட்டி வளர்ந்ததும் விடியப்புறத்தில்தான். 1890களில் இங்கிலாந்தில் வீதியில் கூட்டமாகச் சைக்கிள் போட்டி வைத்தால் பொலிசாரின் தொல்லை. அதனால் ஓட்டக்காரர்கள் வெள்ளனவே, ஒருவர் பின் ஒருவராக, போட்டியெண்டே தெரியாத மாதிரி ஓடினார்கள்.

முதல் இரண்டு மாதமும் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பயிற்சி, ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட மிதிக்கிறதுதான். நேரம் 21 நிமிடத்தில் நிண்டுட்டுது. பிறகு காசு சேர்த்து, நெஞ்சில் கட்டி இதயத்துடிப்பைப் போனில் பார்க்கிற பட்டி ஒண்டு வாங்கினம். முறை வைத்துக் கட்டினம்.

220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். 24 வயதுக்கு 196. ஆனால் அது சராசரிக் கணக்கு. ஆளுக்காள் பத்துக்கு மேலேயும் கூடிக் குறையும். அதைவிட நல்ல வழி ஒண்டு இருக்கு. தனிய 30 நிமிடம், கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடிய முழு வேகத்தில் ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுக்கிறது. எங்களில் ஒருவருக்கு 172 வந்தது. அப்படியெண்டால் இலகுவாக ஓடுற நாளில் அவர் 150ஐத் தாண்டக்கூடாது. முந்தின பதிவுகளைப் பார்த்தம். ஒரு நாள்கூட அவர் 160க்குக் கீழே ஓடியிருக்கேல்லை. எல்லா நாளும் போட்டி. உடம்பு தேறுறதுக்கு ஒரு நாளும் இல்லை.

மெதுவாக ஓடுறதுதான் கஷ்டம். பள்ளிக்கூடப் பிள்ளை முந்திக்கொண்டு போகும், விட்டுடவேணும்.

எங்களில் ஒருவரின் அப்பா, தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் சைக்கிளில் விறகு கட்டி வித்தவர். பட்டியைக் காட்டினபோது சிரிச்சார். “கதைச்சுக்கொண்டு ஓடுங்கோ. கதை நிண்டால் மெதுவாக்குங்கோ” எண்டார். பயிற்சியாளர்கள் சொல்லுறதும் அதேதான்: முழு வசனம் கதைக்க முடிஞ்சால் அது இலகு ஓட்டம்.

சைக்கிளைக் கையாளவும் அவர்தான் பழக்கினார். நாங்கள் திரும்புற இடத்தில் ஆடி விழப் பார்க்கிறதைக் கண்டுட்டு, “சில்லைப் பாக்காதேங்கோ பிள்ளையள், போற இடத்தைப் பாருங்கோ” எண்டார். பிறேக்கை வளைவுக்கு முதலே பிடிச்சு முடிக்கவேணும். வளையேக்க வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கவேணும். விளையாட்டு விழாவில் வைக்கிற மெதுவான சைக்கிள் ஓட்டம் நினைவிருக்கா? கடைசியாக வாறவருக்குத்தான் பரிசு. மைதானத்தில் அதையே பழகினம். ஏ9இல் சொகுசு பஸ் பக்கத்தால் போகேக்க காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அப்ப சைக்கிளை நேராக வைச்சிருக்க இந்தச் சமநிலை வேணும். திரும்புற இடத்தில் எப்பவும் ஒருவர் நிண்டு வாகனம் பார்ப்பார்.

சோளகம் வீசுற மாதங்களில் முறிகண்டிக்குப் போறது எதிர்காற்று, வாறது பின்காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும். அதனால் பின்காற்றில் பறக்கிறதைவிட, எதிர்காற்றில் கொஞ்சம் கூட உழைக்கிறதுதான் லாபம். வெளிக்கிட்ட முதல் நிமிடம் பட்டியை நம்பக்கூடாது. கால் உடனே உழைக்கும். துடிப்பு ஆறுதலாகத்தான் ஏறும். வெயில் ஏறினால் அதே வேகத்துக்கே துடிப்புக் கூடும். வேர்வையால் உடம்பில் தண்ணி குறைஞ்சிருக்கும். தோலைக் குளிர வைக்கவும் இரத்தம் வேணும்.

இதெல்லாம் விளங்கின பிறகுதான் அது நடந்தது. எங்களில் ஒருத்தி ஓடி முடிச்சு, வீதியோரம் இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தாள். துடிப்பு 95க்கு இறங்கியிருந்தது. அந்த நேரம் பக்கத்தால் போன லொறியின் ரயர் வெடிச்சது. போனில் 158. கால் அசையேல்லை. அவள் நிலத்தில் குப்புறப் படுத்திருந்தாள். 2009இல் எங்களுக்கு எட்டு, ஒன்பது வயது. திரும்ப 100க்கு வர ஒன்பது நிமிடம் பிடிச்சது. ஒருவரும் ஒண்டும் கதைக்கேல்லை. பக்கத்தில் இருந்தம்.

பட்டிக்கு மிதிக்கிறதும் தெரியாது, பயப்படுறதும் தெரியாது. அது துடிப்பை மட்டும்தான் எண்ணும். ஏன் எண்டு நாங்கள்தான் கேட்கவேணும்: வெயிலா, நித்திரை இல்லையா, காய்ச்சலா, வேற ஏதுமா? நெஞ்சு நொந்தால், தலை சுத்தினால் எண்ணைப் பார்க்காமல் நிப்பாட்டவேணும், டொக்டரிட்டப் போகவேணும். மற்றதுகளுக்கு ஒரு ஆள் பக்கத்தில் வேணும்.

அதுக்குப் பிறகு ஓடி முடிச்சவுடன் ஒருவரும் வீட்டை வெளிக்கிடுறதில்லை. எல்லாருக்கும் துடிப்பு இறங்கும்வரை இருந்து கதைப்பம். கச்சான் இருந்தால் உடைப்பம். அவள் இப்ப பட்டி கட்டுறதில்லை. போன கிழமை 19 நிமிடம் 40 செக்கன். எங்கள் ஐந்து பேரிலும் அதுதான் நல்ல நேரம்.