கோவிலூர்ப் பானையும் அத்தையின் புடவையும்

சகோதரி, உங்கள் அரிசி டின்னுக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது? தொகையைச் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தொடர்கதைக்காக இந்தப் பத்திரிகையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். அவர் ஆபீசுக்குப் போன பிறகு நிம்மதியாகப் படிக்கலாம்.

"ஜவ்வாது மலைக்குப் போய்விட்டு வா. பீமன் அருவி, படகுத் துறை, மலைத்தேன் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது" என்றார் ஆசிரியர்.

"அருவியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்களே, ஸார்!"

"அப்படியானால் பானையைப் பற்றி எழுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரூப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எந்தப் பானை என்று கேட்கிறீர்களா? 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஜவ்வாது மலையில் கோவிலூர் என்ற கிராமத்தில் பழைய சிவன் கோயில் ஒன்றுக்குத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. மண்ணைத் தோண்டியவர்களின் கடப்பாரையில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் ஒரு மண்பானை. அதற்குள் 103 தங்கக் காசுகள்!

போளூரில் பஸ் மாறி மலை ஏறினேன். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று ஜில்லாக்களில் கால் நீட்டிப் படுத்திருக்கும் மலை இது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வெள்ளைக்காரன் வந்து பங்களா கட்டி அலங்காரம் செய்து வைக்கவில்லை. அதனால் இன்னும் மலையாகவே இருக்கிறது. வளைவுக்கு வளைவு புளியமரம், பலாமரம், சரிவுகளில் அறுவடை முடிந்த சாமைக் கொல்லை. மார்கழிப் பனியில் சால்வையைக் காதோடு இழுத்துப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குப் பக்கத்து ஸீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி. அதற்கும் டிக்கெட் வாங்கினார்களா என்று விசாரிக்க மறந்துவிட்டேன்.

இங்கே வாழ்கிறவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள், அவ்வளவுதான். பேசுவது தமிழ், அதிலும் வடாற்காட்டுத் தமிழ்.

கோவிலூரில் இறங்கிக் கோயிலுக்குப் போனேன். காசுகளைத்தான் அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது? தோண்டிய மண்தான். ஆனாலும் அந்த இடத்தை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை. எந்த ராஜா காலத்துக் காசு, எடை என்ன என்பதெல்லாம் நிபுணர்கள் பாடு. எனக்கு அந்த 103 என்ற கணக்குத்தான் உறுத்திக்கொண்டிருந்தது. முழுசாக நூறும் இல்லை. மொய் எழுதுகிற மாதிரி நூற்றொன்றும் இல்லை. இன்றைக்கு ஒன்று, அறுவடை முடிந்து இரண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவர் கணக்காக எனக்குப் பட்டது. சேர்த்தவர் யாரோ, கோயிலைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று நினைத்துப் புதைத்திருக்கிறார். அவர் நினைத்தது சரிதான். ஒரு காசு கூடக் களவு போகவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

இப்படி ஆனது கோவிலூரில் மட்டுமல்ல. 2020-ம் வருஷம் பிப்ரவரியில் திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் தோண்டியபோது பாத்திரம் ஒன்றில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதையும் ஒருவர் எண்ணித்தான் உள்ளே போட்டிருப்பார்.

ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன். உங்கள் வீட்டுக் கொல்லையில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் தட்டானிடம் ஓடிவிடாதீர்கள். மண்ணுக்குள் மறைத்து வைத்தது எதுவானாலும், பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால், கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் அப்படி. அந்தக் காலத்துப் பத்து ரூபாய், ஆனால் தொகையை மாத்திரம் யாரும் மாற்றவில்லை!

ஜமுனாமரத்தூருக்கு வந்தபோது பசி வயிற்றைக் கிள்ளியது. மலைக்கு இதுதான் தலைநகரம். கடைத்தெருவில் ஒரு பாட்டி சாமையும் புளியும் கூறு கட்டி வைத்திருந்தாள். எழுபது வயதுக்குக் குறையாது. இரண்டு படி சாமை வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏன் ஆயா, வித்த பணத்தை எல்லாம் எங்கே வைப்பீங்க?"

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாத்துக்குக் கேக்கற? திருட வந்தியா?"

நான் விழித்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வெப்பாங்க? இடுப்புல சுருக்குப்பை. வூட்டுல தொம்பை."

தொம்பை என்பது மூங்கிலால் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய பெரிய தானியக் கூடு. நம் பக்கத்துக் குதிருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சாமையைக் கொட்டி, சாமைக்குள் தகர டப்பாவைப் புதைத்து வைப்பாளாம்.

"எலி கடிக்காதா?"

"துணியில முடிஞ்சு வெச்சா கடிக்கும். ஒருதபா கடிச்சிச்சு. அப்பறம்தான் டப்பா."

பாட்டி சொன்னது எவ்வளவு பெரிய பாடம் தெரியுமா? ரூபாய் நோட்டு, பார்ப்பதற்குக் காகிதம் என்றாலும் பருத்தியால் ஆனது. எலிக்கும் கரையானுக்கும் அது பலகாரம். அஸ்ஸாமில் தின்சுகியா என்ற ஊரில் 2018-ம் வருஷம் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்றுக்குள்ளேயே எலி நுழைந்து பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் குதறிவிட்டது. 2011-ல் உத்தரப் பிரதேசத்தில் பாரபங்கி ஜில்லாவில் வங்கிக் கிளையின் பெட்டகத்தில் இருந்த நோட்டுகளைக் கரையான் தின்றது. சுமார் ஒரு கோடி ரூபாய்! இரும்புப் பெட்டிக்கே இந்தக் கதி என்றால், நம் தலையணை உறை எம்மாத்திரம்?

கிழிந்துபோனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டானால், ஒரே துண்டாக நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் வங்கியில் முழுப் பணமும் கிடைக்கும். நாற்பதிலிருந்து எண்பது வரை என்றால் பாதி. அதற்கும் குறைவு என்றால் ஒன்றுமில்லை. அடுப்பில் விழுந்து கருகி ஒட்டிக்கொண்டவற்றுக்குச் சாதாரணக் கிளையில் வழியில்லை. சென்னையில் இருப்பது போன்ற ரிசர்வ் வங்கி ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.

எலியையும் கரையானையும் டப்பா தடுத்துவிடும். டப்பாவால் தடுக்க முடியாத ஒன்று 2016-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வந்தது. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதம மந்திரி அறிவித்த அந்த ராத்திரியை நம்மில் யார் மறக்க முடியும்? எத்தனை வீடுகளில் மறுநாள் காலையில் பருப்பு டப்பாவும் ஊறுகாய் ஜாடியும் வாயைத் திறந்தன! "இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்று கேட்ட கணவன்மார்களுக்கு எந்த மனைவியும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பாட்டியிடம் அதையும் கேட்டேன்.

"எனக்கு அப்போ காய்ச்சல். கண்ணைத் தொறக்க முடியல. நோட்டு செல்லாதுன்னு ஊரே ஓடுது, எனக்குத் தெரியாது" என்றாள்.

"அப்புறம்?"

"எம் மருமவளுக்குத் தொம்பையில இருக்கறது தெரியும். எடுத்துகினு போயி, பாங்கி வாசல்ல ரெண்டு நாள் நின்னு கட்டிட்டு வந்தா. அவளுக்குச் சொல்லாம வெச்சிருந்தா அம்மாங்காசும் எலிக்குத்தான்."

"மருமகள் எடுத்துச் செலவு பண்ணிட்டா என்ன செய்வீங்க?"

"நூறு இருநூறு எடுப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிகினு இருக்கா. எடுக்கட்டுமே!"

பாட்டி வேறு வியாபாரத்தைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள். நான் அந்தப் புளியங்கூறுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு என் அத்தை நினைவு வந்துவிட்டது. அதற்கு முன் இன்னும் சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருப்பூர் ஜில்லாவில் பல்லடம் பக்கத்தில் வயதான சகோதரிகள் இருவர். வைத்தியச் செலவுக்கும் தங்கள் கடைசிக் காரியத்துக்கும் என்று சிறுகச் சிறுக 46,000 ரூபாய் சேர்த்திருந்தார்கள். 2019-ம் வருஷம் நவம்பரில், தேவை வந்தபோதுதான், பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் பழைய நோட்டு. செல்லாது என்று அறிவித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் கண் பார்வையற்ற முதியவர் ஒருவர், வியாதியில் விழுந்ததால் பணம் வைத்த இடத்தையே மறந்துபோய், 2021-ல் அகஸ்மாத்தாகக் கைக்கு அகப்பட்டதும் 65,000 ரூபாயைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வந்தார். பழைய நோட்டை வங்கியில் கட்டுவதற்குக் கெடு 2016 டிசம்பர் 30-ந் தேதியோடு முடிந்துபோயிருந்தது.

என் அத்தை 2014-ல் திடீரென்று காலமானாள். அத்திம்பேருக்குச் சீட்டாட்டத்தில் பிரியம் அதிகம். ஆகையால் அத்தை மறைப்பதில் மகா சமர்த்து. அடுத்த வருஷம் அவள் பெண் ப்ளஸ் டூ நல்ல மார்க்குடன் தேறினாள். காலேஜில் இடமும் கிடைத்தது. சேருகிற சமயத்தில் கட்ட வேண்டிய பணம் இருபத்தெட்டாயிரம் புரளவில்லை. எங்கள் வீட்டிலும் அப்போது கஷ்ட தசை. அந்தப் பெண் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்விட்டது.

2018-ல் எங்கள் குடும்பத்தில் ஒரு சீமந்தம். அத்தையின் மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையை அவள் பெண் கட்டிக்கொள்ளட்டும் என்று பீரோவிலிருந்து எடுத்து உதறினோம். மடிப்புக்குள்ளிருந்து ஆயிரம் ரூபாய் நோட்டுகள் விழுந்தன. முப்பத்தொன்று. ஒன்றைக் கூடப் பூச்சி அரிக்கவில்லை. வேப்பிலை போட்டு வைத்திருந்தாள் மகராசி.

அந்தப் பெண் அழவில்லை. நோட்டுகளை எண்ணி முடித்தாள். பிறகு எங்கேயோ படித்ததை நினைத்துக்கொண்டு, "பத்துக்கு மேலே வைத்திருந்தால் அபராதமாமே?" என்று கேட்டாள். உண்மைதான். 2017-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது. பத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, பாக்கி இருபத்தொன்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு இருபது வயது. அத்தையின் மேல் யாருக்குக் கோபம் வரும்? அவள் சீட்டாட்டத்துக்குப் பயந்தாள். பெண்ணுடைய காதிலாவது ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கலாம்.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பது குற்றம் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். குவாலியரில் ஒரு குடும்ப ஸ்திரீ 2016-ல் இரண்டு லட்சத்துச் சொச்சம் வங்கியில் கட்டியதற்கு வருமான வரிக்காரர்கள் கணக்குக் கேட்டார்கள். 2021-ல் ஆக்ராவில் உள்ள வருமான வரித் தீர்ப்பாயம் அந்த அம்மாள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சமயத்தில் இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை கட்டியதை அவர்களுடைய சேமிப்பாகவே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. ஒளித்து வைத்தவர்களில் பலருக்கு இது தெரியாது.

திரும்பும்போது ஆலங்காயம் வழியாக இறங்கினேன். வழியில் காவலூர். வானத்தைப் பார்ப்பதற்கென்றே இந்த மலையில் 1960-களில் ஒரு வானியல் நிலையம் ஏற்படுத்தினார்கள். வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய பெரிய தொலைநோக்கி 1986-ல் வந்தது. மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூண்டு தெரிந்தது. எத்தனையோ கோடி மைல் தூரத்தில் ஒளிந்திருக்கும் நட்சத்திரத்தையெல்லாம் தேடிப் பிடிக்கிறார்கள்! என் அம்மா பணத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

மலை இறங்கி, டெலிபோனுக்கு உயிர் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பாங்கிக் கணக்கில் உன் வாரிசாக யார் பேரைப் போட்டிருக்கிறாய்?"

"உங்க அப்பா பேரைத்தான். வேறே யாரைப் போடறது?"

"2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரை போடலாமாம், அம்மா. என் பேரையும் தம்பி பேரையும் எழுதிக் கொடுத்துவிடு."

"சரி. இதுக்குத்தான் பஸ்ஸிலேருந்து கூப்பிட்டயா?"

"பாங்கியில் இல்லாத பணம் எங்கே இருக்கிறது?"

சற்று நேரம் சத்தமில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம் கேட்டது. கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா ரகசியக் குரலில் சொன்னாள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் பிறந்த நாளாக அந்த வீட்டில் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

இடத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அப்பாவும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்.