உகாண்டாப் பிரயாணமும் ஒரு ஜுரமும்

இவ்வாண்டு மலருக்கு என் உகாண்டாப் பிரயாணத்தைக் குறித்து ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமென்று பத்திராதிபர் கேட்டுக்கொண்டார். நைல் நதியின் தோற்றுவாயையும், விக்டோரியா ஏரியின் பரந்த நீர்ப்பரப்பையும், யானைக் கூட்டங்களையும் அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னினும் நன்கு வர்ணிக்கத்தக்கவர் பலர் உளர். அப்பிரயாணத்தில் எனக்கே உரியதாக வாய்த்தது ஒரு ஜுரம் மட்டுமே. ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன். நம் பழைய மாணவர்களில் கடல் கடந்து செல்வோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருவதால், என் மடமை அவர்களுள் ஒருவருக்கேனும் பயன்படுமாயின் மகிழ்வேன்.

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், ஜிஞ்ஜா நகரத்தை அடுத்த ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான்கு வாரம் தங்கிப் பாடஞ் சொல்லித் தருமாறு எனக்கும், தாவர நூற் பகுதியைச் சேர்ந்த என் நண்பருக்கும் அழைப்பு வந்தது. நண்பர் எதிலும் கணக்குத் தவறாதவர். உஷ்ணமானியும் பஞ்சும் கட்டுத்துணியும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் அடங்கிய ஒரு தகரப் பெட்டியை அவர் சித்தப்படுத்தியபொழுது நான் நகைத்தேன். “கொசுவோடு பிறந்து கொசுவோடு வளர்ந்த நமக்கு ஆப்பிரிக்கக் கொசு என்ன செய்துவிடும்? அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு” என்று கூறியது நன்றாய் நினைவிருக்கிறது.

முதற் காரியம் மஞ்சட் காய்ச்சலுக்குரிய ஊசி. இதனைப் பலர் மஞ்சட் காமாலை என்று மயங்குகின்றனர். அது வேறு, இது வேறு. நம் ஊரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே பகற் கொசுவே ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இந்நோயைப் பரப்புவது. அக்கொசு நம் நாட்டில் நிறைந்திருந்தும் இந்நோய் ஆசியாவில் இதுவரை பரவியதில்லை. ஒருமுறை நுழைந்துவிடின் என்னாகுமோ என்னும் அச்சத்தினாலேயே நம் அரசாங்கத்தார் இதில் மிகக் கண்டிப்பாக இருக்கின்றனர். நோயுள்ள நாட்டிலிருந்து அத்தாட்சிப் பத்திரமின்றித் திரும்புவோரை ஆறு நாள் வரை தனித்து வைக்க அவர்களுக்கு அதிகாரமுண்டு. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் நாங்கள் ஊசி போட்டுக்கொண்டு, மஞ்சள் நிறச் சிறு புத்தகம் ஒன்றைப் பெற்றோம். ஊசி போட்ட பத்தாம் நாள் முதற்கொண்டே அது செல்லும். முன்னர்ப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஆயுட்காலம் முழுவதற்கும் ஒன்றே போதும் என்றாயிற்று. பிரயாணத்திற்கு முந்திய வாரத்தில் ஓடுவோர் ஏமாந்து போவர். எங்களுக்கும் இரண்டு நாட்களே மிச்சமிருந்தன.

மலேரியாவுக்கோ முழுக் காப்பளிக்கும் ஊசி இல்லை. மாத்திரையும், கொசுவலையும், அந்திக்குப்பின் கைகால் மூடிய உடையும், தோலிற் பூசும் தைலமுமே காவல். வைத்தியர் எங்களுக்கு டாக்சிசைக்ளின் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். புறப்படுவதற்கு முதல் நாள் தொடங்கி, அங்கே தங்கும் நாளெல்லாம் தினம் ஒன்று. திரும்பிய பின்னும் நான்கு வாரம் விடாது ஒன்று. உணவோடு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கவேண்டும், விழுங்கியவுடன் படுத்தலாகாது. “திரும்பிய பின் நான்கு வாரம்” என்பதை அவர் இருமுறை சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதனைச் செவியில் வாங்காமல் இருந்தேன் போலும்.

எண்டெபி விமான நிலையத்தில் முதலிற் கேட்டது அந்த மஞ்சட் புத்தகத்தையே. அவ்வூருக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருமையும் உண்டு. 1936-ஆம் ஆண்டு ராக்பெல்லர் தர்ம நிதியார் மஞ்சட் காய்ச்சலை ஆராயும் பொருட்டு அங்கே ஒரு நிலையம் நிறுவினர். அருகேயுள்ள ஜீக்கா என்னும் காட்டில் மரத்தின்மீது கூண்டிலிட்டு வைத்த ஒரு குரங்கின் இரத்தத்திலிருந்தே 1947-ஆம் ஆண்டு ஜீக்கா நோய்க்கிருமியைக் கண்டறிந்தனர்.

ஜிஞ்ஜாவில் நாங்கள் உண்ட உணவைப்பற்றி ஒரு வார்த்தை. பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழையிலையிற் பொதிந்து, ஆவியில் நெடுநேரம் வேகவைத்து மசித்துப் பரிமாறுகின்றனர்; மாட்டோக்கே என்பது அதன் பெயர். அதனுடன் நிலக்கடலைக் குழம்பு. வாழையிலையைக் கண்டதும் எனக்குத் தாய்வீடு சேர்ந்தாற்போல் இருந்தது. கண்ணெதிரே கொதித்து ஆவியோடு வருவதை உண்பதும், காய்ச்சிய நீரன்றிப் பருகாமையும், பனிக்கட்டியையும் பச்சைக் கீரையையும் தொடாமையும், பழத்தைத் தாமே உரித்து உண்பதுமாகிய விதிகளை நாங்கள் இருவருமே மீறவில்லை. ஆயினும் இரண்டாம் வாரத்தில் எனக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. நண்பருடைய தகரப் பெட்டி திறந்தது. பொட்டலம் இல்லாவிடினும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் அதுவே மருந்து என்று அவர் எனக்கு விரிவுரை நிகழ்த்தினார். 1971-ஆம் ஆண்டு வங்காளத்து அகதி முகாமில் காலராவினால் மாண்டுகொண்டிருந்தோரை டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றியது இத்தகைய உப்புச் சர்க்கரை நீரைக் கொண்டே என்பதையும் அப்பொழுதுதான் அறிந்தேன்.

அத்துணை எச்சரிக்கையுள்ள நண்பரும் ஒரு நாள் வழுக்கினார். விக்டோரியா ஏரியிலும் நைல் நதியிலும் கரையோரம் இறங்கலாகாது. அந்நீரில் வாழும் ஒருவகை நத்தையினின்றும் வெளிப்படும் நுண்புழு, சில நிமிஷத்திற்குள் தோலைத் துளைத்துச் சரீரத்திற் புகுந்துவிடும். அதனை பில்ஹார்சியா நோய் என்பர். இதனை எனக்கு மும்முறை சொன்னவர், கரையில் ஓர் அரிய நீர்ச்செடியைக் கண்டதும் பாதரட்சையைக் கழற்றிவிட்டு முழங்காலளவு நீரில் இறங்கிவிட்டார். செடியுடன் கரையேறிய பின்னரே அவருக்குப் பிரக்ஞை வந்தது. ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்து, பிராசிகுவான்டல் என்னும் மருந்தை உண்டார். செடி நம் கல்லூரிச் சேகரத்திற் பத்திரமாக இருக்கிறது.

எங்களுக்கு வீடு தந்து உபசரித்தவர் அப்பள்ளியின் தலைமையாசிரியை. ஐம்பது வயது கடந்த அம்மையார். மாலையில் ஆறு மணியானதும் தாமே வந்து எங்கள் கொசுவலையின் ஓரங்களை மெத்தையின்கீழ்ச் செருகிவிட்டுப் போவார். ஒரு நாள் நான் விளையாட்டாக, “அம்மா, நீங்கள் வலையின்றி உறங்குகிறீர்களே?” என்றேன். “எனக்கு வந்து வந்து பழகிவிட்டது, வந்தாலும் இரண்டு நாளிற் போய்விடும். பழகுவதற்கு முன்பே போய்விடுபவர் குழந்தைகள்” என்றார். சற்று நேரம் கழித்துத் தம் இரண்டாம் மகன் நான்காம் வயதில் ஒரே இரவில் இந்த ஜுரத்தால் இறந்தான் என்று கூறினார். பிறகு மறுநாட் பாடவேளைகளைக் குறித்துப் பேசலானார்.

மலேரியாவை எதிர்க்கும் வன்மை இரத்தத்தில் ஊறி வருவதன்று. ஓயாது கடியுண்டு, ஓயாது ஜுரங்கண்டு, உயிர் பிழைத்தவர்க்கு ஓரளவு கைகூடுவது. அவ்வூராரே பிறநாட்டிற் சில ஆண்டு வாழ்ந்து திரும்பின் அதனை இழந்திருப்பர். இந்தியன் என்பதால் எனக்கு ஒரு சலுகையும் இல்லை. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து அவ்வேரி மட்டும் ரயில் பாதை இட்ட இந்தியத் தொழிலாளர் ஏறக்குறைய 32,000 பேர். அவர்களுள் ஏறக்குறைய 2,500 பேர் ஊர் திரும்பவில்லை. சிங்கம் தின்றதைத்தான் நாம் கதையாகக் கேட்டிருக்கிறோம். சிங்கத்தினும் நோயே பன்மடங்கு கொண்டது. உகாண்டா மிஷனைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் மக்கே என்னும் பெரியாரும் 1890-ஆம் ஆண்டு அவ்வேரியின் தென்பால் மலேரியாவாலேயே காலமானார். ஏழாண்டு கழித்து, 1897-இல், ஆல்பர்ட் குக் என்னும் மிஷன் வைத்தியர் மெங்கோவில் வைத்தியசாலை தொடங்கினார். அதே 1897 ஆகஸ்டு மாதத்தில்தான் நம் செகந்தராபாத்தில் ரானல்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இவ்வளவும் எனக்குப் புத்தக வாயிலாகத் தெரிந்திருந்தது என்பதே வெட்கம்.

ஜூன் முதல் வாரத்தில் சென்னை திரும்பினோம். கல்லூரி திறக்கும் சமயம்; மாணவர் சேர்க்கை, கால அட்டவணை, கூட்டங்கள். மாத்திரையோ நெஞ்செரிச்சலை உண்டாக்கியது. கொசுவலையைப் பெட்டியில் மடித்து வைத்தாயிற்று, நோயுள்ள நாட்டை விட்டு வந்தாயிற்று, இனி எதற்கு என்று ஆறாம் நாள் நிறுத்திவிட்டேன். கிருமி முதலிற் கல்லீரலில் ஒரு வாரமோ மேலோ ஒளிந்திருந்து, பின்னரே இரத்தத்தில் இறங்குகிறது; டாக்சிசைக்ளின் தாக்குவது பெரும்பாலும் இரத்தத்தில் இறங்கியதைத்தான்; ஆதலின் கடைசிக் கொசு கடித்த பின்னும் நான்கு வாரம் காவல் வேண்டும். கல்லீரலிலேயே கிருமியை வெல்லும் வேறு மாத்திரைக்கு ஏழு நாள் போதும். இவ்வேறுபாட்டை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் படுத்துக்கொண்டு கற்றேன்.

பதினேழாம் நாள் மாலை குளிர் கண்டது. இரண்டு கம்பளி போர்த்தும் பற்கள் ஒன்றோடொன்று மோதின. மழைக்காலத்துச் சாதாரண ஜுரம் என்று எண்ணி இரண்டு நாள் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் சென்றபொழுதும், உகாண்டா சென்று வந்ததை நான் சொல்லவில்லை. மறந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், மாத்திரையை நிறுத்தினீரா என்று கேட்டுவிடுவாரோ என்று நாணினேன். மாணவரிடம் ஒழுங்கைப் பற்றி இருபது ஆண்டு பேசியவனுக்கு அந்த நாணம் உயிரினும் பெரிதாகத் தோன்றிற்று.

அன்றிரவு நண்பர் தற்செயலாகத் தொலைபேசியிற் கூப்பிட்டார். என் மனைவிதான் எடுத்தாள். ஜுரம் என்று அவள் சொன்னவுடன், “போனை அவரிடம் கொடுங்கள்” என்றாராம். “மாத்திரை சாப்பிட்டு வருகிறீரா?” என்று ஒரே கேள்வி. இல்லை என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அரை மணி நேரத்தில் ஆட்டோவுடன் வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் அவர் முதலிற் சொன்ன வாக்கியம், “இவர் உகாண்டாவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகவில்லை” என்பதே. அவ்வொரு வாக்கியத்தால் இரத்தத் துளி கண்ணாடிச் சில்லில் ஏறியது. பால்சிபாரம் என்னும் கொடிய வகை. இன்னும் இரண்டு நாள் கடத்தியிருந்தால் மூளையைத் தாக்கியிருக்கக்கூடும் என்றார் இரவுப் பணியிலிருந்த இளம் வைத்தியர். அவர் முகத்தில் நான் கண்டது கோபமா இரக்கமா என்று இன்றும் தெளியவில்லை.

வாந்தி நிற்காமையால் மருந்தை ஊசி வழியே ஏற்றினர். அஃது ஆர்ட்டிசுனேட், நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு சீனச் செடியிலிருந்து பிறந்த மருந்து. அச்செடியின் சத்தைப் பிரித்தெடுத்த தூ யூயூ அம்மையார் 2015-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். தாவர நூலார் கட்டிலருகே அமர்ந்து அச்செடியின் இலை அமைப்பை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வேறெந்த வசவும் அவர் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வீடு சேர்ந்தேன்.

இதனோடு முடிந்திருந்தால் இதனை எழுதியிரேன். மறுநாட் காலை சுகாதாரப் பகுதியினர் இருவர் வந்தனர். ஜுரத்தோடு நான் வீட்டிற் கிடந்த நாட்களில் நம் ஊர்க் கொசு ஏதேனும் என்னைக் கடித்திருப்பின், அதன் வழியே பிறருக்கும் நோய் பரவலாம் அன்றோ? சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுவது. அவர்கள் ஏணி வைத்து எங்கள் தொட்டியைப் பார்த்தனர். மூடி சரியாக இல்லை, நீரிற் புழுக்கள் நெளிந்தன. பிறகு என் மனைவியிடமும், சுற்றியுள்ள ஏழெட்டு வீட்டாரிடமும் ஊசியால் விரல்நுனியைக் குத்தி இரத்தம் எடுத்தனர். எதிர்வீட்டுக் குழந்தைக்கு நான்கு வயது. அது வீறிட்டு அழுத குரல் நான் படுத்திருந்த அறை வரையிற் கேட்டது.

தேவ கிருபையால் ஒருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. அவ்வாரமே ஜிஞ்ஜாவிலிருந்து அம்மையார் எழுதிய கடிதமும் வந்தது. பள்ளிச் செய்திகளை எல்லாம் எழுதி, இறுதியில், மாத்திரைகளை முறையாக உண்டு முடித்தீர்களா என்று ஒரு வரி கேட்டிருந்தார். அதற்குப் பன்முறை பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இக்கட்டுரையைப் பத்திராதிபரிடம் சேர்ப்பித்த பின் மறுபடியும் எழுத உட்காருவதாக இருக்கிறேன்.