பொழுது சாயறதுக்குள்ள எடுத்திடணுமா?

பெக்கோக் கோயில் தொண்டூழியர்கள் எழுதுறோம். வழக்கமா இங்க அன்னதானக் கணக்குதான் போடுவோம். இன்னைக்கு ஒரு படத்தைப் பத்திச் சொல்லணும்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, அண்டா குண்டானெல்லாம் கழுவிக் கவுத்த பிறகு, பசங்க மண்டபத்துல ‘தாஷ்கண்ட் ஃபைல்ஸ்’ போட்டாங்க. விவேக் அக்னிஹோத்ரி எடுத்த இந்திப் படம், 2019-ல வந்தது. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 10-ஆம் தேதி தாஷ்கண்ட்ல பாகிஸ்தானோட ஒப்பந்தம் போட்டார். அன்னைக்கு நடுராத்திரி தாண்டி இறந்துட்டார். மாரடைப்புன்னாங்க. அந்தச் சாவைத் தோண்டுற ஒரு இளம் பெண் நிருபர்தான் கதை.

படம் எங்களுக்கு முழுசாப் பிடிக்கலை. பாதி நேரம் ஒரு அறைக்குள்ள ஆளாளுக்குக் கத்துறாங்க. பதிலை முன்னாடியே முடிவு பண்ணிட்டுக் கேள்வி கேட்ட மாதிரி இருக்கு. சாஸ்திரிக்கு ஏற்கெனவே இருதய நோய் இருந்தது, அதையும் மறக்கக் கூடாது. ஆனா, உடம்பு நீலம் பாரிச்சிருந்ததுன்னு அவர் மனைவி சொல்லியும் பிரேதப் பரிசோதனை நடக்கலை. டில்லிக்குக் கொண்டுவந்து எரிச்சாச்சு. அப்புறம் எந்த நிருபர் தோண்டி என்ன? சாட்சியே சாம்பலாப் போச்சே.

“நம்ம நாட்டுல இப்படி நடந்திருக்காண்ணே?”ன்னு ஒரு பையன் கேட்டான். குகனைப் பத்திச் சொன்னோம். 2009 ஜனவரியில சுபாங் ஜெயா பக்கம் போலீஸ் காவல்ல செத்துப்போன பிள்ளை. இருபத்துச் சொச்சம் வயசு. முதல் பரிசோதனையில நுரையீரல்ல தண்ணின்னு எழுதினாங்க. குடும்பம் ஒத்துக்கலை. காயங்களோட அந்த உடம்பின் படங்கள் வெளியில வந்து நாடே பேசுச்சு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில ரெண்டாவது தடவை பரிசோதிச்சப்பதான் அடிச்ச அடி தெரிஞ்சது. 2013-ல உயர் நீதிமன்றம் அவங்க அம்மாவுக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அன்னைக்கே அவசரப்பட்டு எடுத்திருந்தா அந்தத் தாய்கிட்ட என்ன மிஞ்சியிருக்கும்?

இதைக் கேட்டுக்கிட்டே இருந்த எங்க அடுப்படிப் பெரியம்மா மெதுவாச் சொன்னாங்க: “என் தம்பி செம்பனைக் காட்டு வாய்க்கால்ல கிடந்தான். குடிச்சிட்டு விழுந்துட்டான்னாங்க. அவன் கோயில் தீர்த்தம் தவிர எதையும் தொடமாட்டான்யா. அறுக்க வேணாம், சாமி குத்தம்னு பெரியவங்க சொன்னாங்க. சாயங்காலமே எடுத்துட்டோம்.” நாப்பது வருஷத்துக்கு முந்தின சாவு. அவங்க இதை எங்ககிட்டச் சொன்னது இதான் முதல் தடவை.

எங்களுக்குப் பேச்சு வரலை. ஏன்னா துக்க வீட்டுல அவசரப்படுத்துற ஆளுங்களே நாங்கதான். பாடை கட்டுறது, வேன் பேசுறது, “பொழுது சாயறதுக்குள்ள எடுத்திடணும்”னு விரட்டுறது எல்லாம் எங்க வேலை. நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம். ஆனா எத்தனை வீட்டுல யாரோ ஏதோ கேக்க வாயெடுத்தப்ப நாங்க பறையடிக்கச் சொல்லியிருப்போமோ!

அதனால ஒண்ணு முடிவு பண்ணியிருக்கோம். இனிமே திடீர்ச் சாவுன்னா, மூங்கில் வெட்டுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களைத் தனியா உக்காரவெச்சு, “உங்களுக்கு மனசுல ஏதாச்சும் சந்தேகம் இருக்கா?”ன்னு கேப்போம். இருக்குன்னா போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்களே கூட வருவோம். பரிசோதனை சாமி குத்தம்னு யாராச்சும் சொன்னா, குருக்கள்கிட்ட நாங்க பேசிக்கிறோம்.

ஞாயித்துக்கிழமை காலையில 7 மணிக்குக் கோயில் கழுவுறோம், வந்திடுங்க. பசியாறப் பெரியம்மா இட்லி அவிக்கிறாங்க. தம்பி பேருல அர்ச்சனைக்கும் சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க.