ஒரு கடிதமும் ஊட்டித் தொலைநோக்கியும்

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கடிதம்தான் நினைவுக்கு வரும்.

1944 மார்ச். பெங்களூரில் இருந்த இயற்பியலாளர் ஹோமி பாபாவுக்கு வயது 34. அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வுப்பள்ளி வேண்டும் என்று சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு எழுதினார். அணுமின்சாரம் வரும்போது நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்கு ஓட வேண்டியிருக்காது என்பது அவர் வாதம். ஹிரோஷிமா அணுகுண்டுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்தைய கடிதம் அது! கையில் காட்ட ஒரு கட்டடம்கூட இல்லை. அறக்கட்டளை சம்மதித்தது. 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. பம்பாய் மாகாண அரசும் கைகொடுத்தது.

என்னை நெகிழ வைப்பது அதன்பிறகு நடந்ததுதான். 1961-ல் கோவிந்த் ஸ்வரூப் உட்பட வெளிநாட்டில் இருந்த நான்கு இளம் விஞ்ஞானிகள், தாயகம் திரும்பி ரேடியோ வானியல் செய்ய விரும்புவதாக எழுதினார்கள். இம்முறை கடிதத்தைப் பெற்றவர் பாபா. அவரும் சரி என்றார்.

அதன் பலன்தான் 1970-ல் ஊட்டியில் எழுந்த தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது அமைந்திருக்கும் மலைச்சரிவின் கோணம் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே திசையில் சுழற்றி ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மலையையே கருவியாக்கிய மூளை!

அறக்கட்டளைகளில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, அடுத்த முறை ஓர் இளைஞரின் விண்ணப்பம் வந்தால், இதுவரை என்ன சாதித்தாய் என்பதை முதல் கேள்வியாக்காதீர்கள். என்ன செய்ய நினைக்கிறாய் என்று கேளுங்கள்.