நடுக்கப்பலில் ஓர் அறை

குயின் மேரி 2, வட அட்லாண்டிக்



சவுத்தாம்ப்டனில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்படும் இந்தக் கப்பல் நேராக நியூயார்க்கில்தான் நிற்கும். பெரும்பாலும் ஏழு இரவுப் பயணம். இடையில் துறைமுகம் இல்லை, தீவு இல்லை, கடைத்தெரு இல்லை. இறங்கி வேடிக்கை பார்க்க வழியில்லாத இத்தகைய பயணத்தில், கேபின் சரியாக வாய்க்காதவர் தப்பிப்போக வேறு இடம் கிடையாது.

கப்பலின் நீளம் 345 மீட்டர். பயணிகள் சுமார் 2,700 பேர். ஊழியர்கள் 1,200 பேருக்கு மேல். பிரான்சில் செயின்ட் நசேர் கப்பல்தளத்தில் கட்டி, 2004 ஜனவரியில் முதல் பயணத்துக்கு அனுப்பினார்கள். கரீபியன் தீவுகளைச் சுற்றும் மிதக்கும் ஹோட்டல்களின் இனமல்ல இது. அட்லாண்டிக்கின் குளிர்கால அலைகளைத் தாங்கிக் கடப்பதற்கென்றே கட்டியது. மூக்கு நீண்டிருக்கும், உடம்பு கனத்த எஃகு, அவசரமென்றால் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

அந்த உடற்கட்டு கேபினுக்குள்ளும் தெரிகிறது. கீழ் டெக்குகளில் உள்ள பால்கனிகளைக் கப்பலின் பக்கவாட்டு எஃகிலேயே சதுரம் சதுரமாக வெட்டி அமைத்திருக்கிறார்கள். காற்றும் சாரலும் அவ்வளவாக உள்ளே வராது. மற்றக் கப்பல்களில் கதவைத் திறக்க முடியாத நாளிலும் இங்கே போர்வையோடு உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தால் கண்ணெதிரே தெரிவது எஃகுச் சுவர். கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். ‘பால்கனி கேபின்’ என்று காசு கட்டிவிட்டு வந்தவர்கள் முதல் நாள் முகம் சுளிப்பது இதற்காகத்தான்.

ஜன்னலே இல்லாத உள்கேபின் சுமார் 15 சதுர மீட்டர். விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணியும் நள்ளிரவுதான். பழகியவர்கள் படுக்கும்போது டிவியில் கப்பல் முகப்புக் கேமராவின் சேனலை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். திரை வெளுத்தால் விடிந்தது என்று அர்த்தம். சுவர்கள் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும். தொப்பி, பை, ஈரத்துண்டு எல்லாம் அதில் தொங்கும். இஸ்திரிப் பெட்டிக்குக் கேபினில் அனுமதியில்லை. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பகை கிடையாது. துவைக்கவும் இஸ்திரி போடவும் தனி அறை உண்டு, கட்டணம் இல்லை. பார்ட்டி இரவுகளுக்கு முன் அங்கே வரிசை நிற்கும்.

இந்தக் கேபின்களைக் குறை சொல்பவர்கள் சார்லஸ் டிக்கன்ஸை நினைத்துக்கொள்வது நல்லது. 1842 ஜனவரியில், இந்தக் கப்பலை நடத்தும் அதே குனார்ட் நிறுவனத்தின் பிரிட்டானியா நீராவிக் கப்பலில் மனைவியோடு அவர் லிவர்பூலிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டார். கப்பலின் மொத்த நீளமே 63 மீட்டர்தான். விளம்பரப் படத்தில் விசாலமாகத் தெரிந்த அறை, நேரில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைப் பலகையும், பெட்டியை நுழைக்க முடியாத வாசலுமாக இருந்தது. போதாததற்குப் புயலும் வாந்தியும். திரும்பும்போது அவர் நீராவிக் கப்பலே வேண்டாமென்று பாய்மரக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார்.

புயலை இன்றும் யாரும் நிறுத்திவிடவில்லை. கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அடக்க முடியாது. சீசா பலகையின் நுனியில் இருப்பவருக்குத்தான் ஏற்ற இறக்கம் அதிகம். நடுவில் இருப்பவர் அசைவதே இல்லை. கப்பலும் அப்படித்தான். மேல் டெக்கில், மூக்குப் பக்கத்தில், அதிக விலை கொடுத்து எடுத்த அறையில் ஒருவர் தலை சுற்றிப் படுத்திருப்பார். நடுக்கப்பலில், கீழ் டெக்கில், மலிவான உள்கேபின்காரர் மூன்றாவது தோசைக்குப் பதில் மூன்றாவது பான்கேக்கை வாங்கிக்கொண்டிருப்பார்.

அறைக்கு உயிர் கொடுப்பவர் கேபின் ஸ்டூவர்ட். காலையில் படுக்கையை விரிப்பார், துண்டுகளை மாற்றுவார். மாலையில் மறுபடி வந்து போர்வையை மடித்துவிட்டு, தலையணையில் ஒரு சாக்லேட்டையும் மறுநாள் நிகழ்ச்சி நிரலையும் வைத்துவிட்டுப் போவார். பயணி இரவு உணவிலிருந்து திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆள் மட்டும் கண்ணில் படமாட்டார்.

அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் இதைச் சோதித்தே பார்த்தார். ஹார்ப்பர்ஸ் இதழுக்காக 1995-இல் கரீபியன் கப்பல் ஒன்றில் போனவர், அறையைவிட்டு அரைமணிக்கு மேல் விலகினால் அது சுத்தமாகிவிடுவதையும், அதற்குள் திரும்பினால் யாரும் தொடாமல் இருப்பதையும் கவனித்தார். ஒளிந்திருந்து பார்த்தும் பணிப்பெண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. இவ்வளவு கவனிப்பு அவருக்குச் சுகத்தைவிடச் சங்கடத்தையே தந்தது.

சங்கடப்பட வேண்டிய இடம் உண்மையில் வேறு. கப்பல் தொழிலாளர் குறித்த 2006-ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்பாடு, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. அதை அதிகபட்சம் இரண்டாகப் பிரிக்கலாம். அதில் ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று நமக்குக் கிடைக்கும் சேவை, ஸ்டூவர்ட்டின் ஓய்வை இரண்டு துண்டாக்கித்தான் கிடைக்கிறது. நடைமுறையில் வார விடுமுறை என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தம் முடியும்வரை மாதக்கணக்கில் இதே தாழ்வாரம்தான். உலகின் சொகுசுக் கப்பல்களைத் தாங்கி நிற்பது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களின் இந்த உழைப்பு.

மேற்கே போகும்போது ஒரு சலுகை உண்டு. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். கடிகாரத்தை ஓர் இரவுக்கு ஒரு மணி வீதம் பின்னால் தள்ளிக்கொண்டே போவதால், ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 25 மணி நேரம். விமானத்தில் வந்து இறங்குபவரின் தூக்கக் கலக்கம் இங்கே கிடையாது. எதிர்த்திசையில் நாள் 23 மணியாகச் சுருங்கும். அவசரமில்லாதவர்கள் மேற்குத் திசையைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விலைப்பட்டியலுக்கு முன் டெக் வரைபடத்தைப் பாருங்கள். நடுக்கப்பலாக, மேலும் கீழும் கேபின்களே உள்ள டெக்காக எடுங்கள்; பஃபே கூடத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுபடும் சத்தம் எழுப்பிவிடும். சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். பல கப்பல்களில் சேவைக் கட்டணத்தை ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள்; மிச்சம் பிடிக்க நினைத்து அதை நீக்கச் சொல்லாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டன் விசா, அமெரிக்க விசா இரண்டையும் வாங்கிக்கொண்ட பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.